மூன்று மீட்டர் எங்கே போனது

ஜூன் 4

அக்காவுக்கு,

என் எண்ணை நீ போனில் தடுத்து வைத்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டால், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தைத் தடுக்க இன்னும் யாரும் வசதி கண்டுபிடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வேலை இல்லாதவன் பரணைச் சுத்தம் செய்தேன். நம்முடைய கோட்டைப் போர் கிடைத்தது. காலண்டர் தாளின் முதுகில் நீ வரைந்த அதே மலை, அதே ஆறு, இரண்டு கோட்டைகள். சோடா மூடிகளும் பத்திரமாக இருக்கின்றன, என் சிவப்பு ஐந்து, உன் பச்சை ஐந்து. வரைபடத்தை அச்சு அசலாகப் பிரதி எடுத்து, உன் மூடிகளோடு அனுப்பியிருக்கிறேன். எந்த மூடி எங்கே நிற்கிறது என்று பென்சிலில் குறித்திருக்கிறேன். உன் முறை.

மறந்திருந்தால் சொல்கிறேன். குதிரை ஒரு முறைக்கு எட்டு சென்டிமீட்டர் ஓடும், அதன் வாள் நான்கு எட்டும். பீரங்கி மூன்று நகரும், குண்டு பன்னிரண்டு போகும். கொடி இரண்டுதான் நகரும். கொடி விழுந்தால் ஆட்டம் முடிந்தது. எழுதிய நகர்வை அழிக்கக்கூடாது என்பது எனக்காகவே நீ போட்ட சட்டம். நான் அழித்து அழித்து எழுதியதால்தானே எனக்கு ரப்பர் என்று பெயர் வைத்தாய். பதிலுக்கு நான் உனக்கு ஸ்கேல் என்று வைத்தேன்.

இனி வேறு விஷயம். நீ மே 12 அன்று விசாரணை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் எனக்கும் வந்தது. "நான் போட்ட கோடு, கான்கிரீட் பலகை இறங்கவேண்டிய இடத்திலிருந்து சரியாகப் பதினான்கு மீட்டர். கிரேன் மூன்று மீட்டர் பின்னால் நின்றதால்தான் தூரம் பதினேழு ஆகி, கவிழ்ந்தது. ஆபரேட்டர் அவசரக்காரர்." பிறந்ததிலிருந்து நீ எனக்கு 'ர்' போட்டுப் பேசியதில்லை. முதல்முறையாகப் போட்டது அங்கேதான்.

நான் கோட்டில்தான் நிறுத்தினேன் அக்கா. ஒரு விரல்கூட விலகவில்லை. மறுநாள் மழையில் உன் சுண்ணாம்புக் கோடு கரைந்துபோனதற்கு நான் பொறுப்பா? கிரேன் கவிழ்ந்து கிடந்த இடத்தில் அவர்கள் டேப் வைத்து அளந்தார்கள், பதினேழு வந்தது. உன் கோடு பதினான்கு. நடுவில் இருக்கிற மூன்று மீட்டர் எங்கே போனது என்று தினமும் யோசிக்கிறேன். ஜூலை 18 விசாரணையில் இதற்குப் பதில் இல்லையென்றால் என் உரிமம் போய்விடும். பதினொரு வருடத் தொழில். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ரப்பர்


ஜூன் 9

தம்பிக்கு,

எனக்கு எழுதாதே. நான் திட்டம் வரைந்தவள், நீ கிரேன் ஓட்டியவன். நாம் இரண்டு பேரும் ஒரே விசாரணையில் இருக்கிறோம். கடிதப் போக்குவரத்து வெளியே தெரிந்தால் கூடிப் பேசி வைத்துக்கொண்டோம் என்பார்கள். தலைமை அலுவலகத்துக்கு என்னை மாற்றியதே இதற்காகத்தான்.

என் வாக்குமூலத்தில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அன்று காலை பள்ளம் தோண்டியதால் கிரேனின் இடத்தைக் கடைசி நேரத்தில் மாற்றவேண்டி வந்தது. கம்ப்யூட்டரில் புதிதாக வரைய நேரமில்லை. நானே டேப் பிடித்து, நானே சுண்ணாம்புக் கோடு போட்டு, கையால் வரைந்த தாளில் பதினான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு முறை அளந்தேன். பதினான்கு மீட்டரில் அந்தக் கிரேன் ஆறு டன் தூக்கும். பலகை ஐந்தரை டன். கணக்கு சரி. பதினேழில் நாலரைதான் தூக்கும். அங்கே எப்படிப் போனாய் என்பது உனக்குத்தான் தெரியும்.

நீ அவசரக்காரன் என்று சொன்னது உண்மையில்லையா? சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்பவன் நீ.

ஆஸ்பத்திரியில் கொக்கி அண்ணன் எப்படி இருக்கிறார் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லி அனுப்பு.

பின்குறிப்பு: குட்டி மூடிகளைப் பார்த்து, "இது என்னம்மா?" என்று நச்சரித்துவிட்டாள். அவளுக்குக் காட்டுவதற்காக மட்டும் வைக்கிறேன். என் இடது குதிரை மலைக்கு அந்தப் பக்கம் வருகிறது. நேராக ஏறினால் பத்து, மலைமேல் ஓட்டம் பாதியாகிவிடும். சுற்றி வந்தால் ஆறும் எட்டும் பதினான்கு. அதனால் சுற்றித்தான் வருகிறேன், இந்த முறை ஆறு. உன் ஆற்றங்கரைப் பீரங்கியின் விளிம்பிலிருந்து என் குதிரையின் விளிம்புக்குப் பதினைந்து புள்ளி இரண்டு. நீ மூன்று நகர்ந்து பன்னிரண்டு சுட்டாலும் பதினைந்துதான். இரண்டு மில்லிமீட்டர் உனக்கு வெளியே நிற்கிறேன். முடிந்தால் தொடு.


ஜூன் 14

அக்காவுக்கு,

எழுதாதே என்று ஒரு பக்கம், முடிந்தால் தொடு என்று இன்னொரு பக்கம். எதைக் கேட்பது?

தொட்டுவிட்டேன். நீ ஆற்றங்கரைப் பீரங்கியை மட்டும் பார்த்தாய். நகர்வையும் வீச்சையும் கூட்டி ஒரு வட்டம் போட்டு, அதற்கு வெளியே நிற்பது உன் பழைய வழக்கம். ஆனால் இரண்டாவது பீரங்கிக்கு வட்டம் போட மறந்துவிட்டாய். குறுக்கே ஒன்பது, கீழே பன்னிரண்டு, அதனால் தொலைவு என்று நினைத்திருப்பாய். சாய்வாகப் பார். எண்பத்தொன்றும் நூற்று நாற்பத்து நான்கும் இருநூற்று இருபத்தைந்து. அதன் மூலம் பதினைந்து. விளிம்புக்கு விளிம்பு சரியாகப் பதினைந்து. மூன்று நகர்ந்து சுடுகிறேன். உன் குதிரை காலி. இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷம்.

கொக்கி அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தேன். பலகை விழுந்த காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போர்வை ஓரிடத்தில் தட்டையாகக் கிடக்கிறது, கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பதினெட்டு வருடம் கொக்கி மாட்டிய மனிதர். என் கிரேனுக்கு மட்டும் ஏழு வருடம். அவர் கை காட்டாமல் நான் ஒரு செங்கலைக்கூடத் தூக்கியதில்லை. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"தம்பி, நான் நிக்கக்கூடாத எடத்துக்கு உள்ள வந்து நின்னேன்னு எழுதியிருக்காங்களாமே. நான் உங்க அக்கா காட்டின இடத்துலதானே நின்னேன்? நீ பாத்தேல்ல?"

பார்த்தேன் என்றேன். "அப்ப அத அவங்ககிட்ட சொல்லேன்பா" என்றார். நான் சொன்னால் யார் நம்புகிறார்கள்? கிரேனையே சரியாக நிறுத்தத் தெரியாதவன் நான்.

உன்மேல் எனக்குக் கோபம்தான். மறைக்கவில்லை. ஆனால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று மீட்டர் என்றால் இந்த அறையின் அகலம். அதைக் கண் தெரிந்த ஒருவன் எப்படித் தவற விடுவான்? கண் சரியில்லையோ, தலை சரியில்லையோ என்று நேற்று கண் டாக்டரிடம்கூடப் போய் வந்தேன். கண் நன்றாகத்தான் இருக்கிறதாம்.

ரப்பர்


ஜூன் 21

தம்பிக்கு,

உன் குண்டு என் குதிரைமேல் விழாது.

தூரம் என்பதை மையத்திலிருந்து மையத்துக்குத்தான் அளக்கவேண்டும். வட்டத்துக்கு ஒரே ஒரு மையம், எல்லா அளவும் அங்கிருந்துதான் தொடங்கும். விளிம்பிலிருந்து அளந்தால் பெரிய மூடிக்கு ஒரு தூரம், சின்ன மூடிக்கு ஒரு தூரம் என்று ஆகிவிடும். எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. மூடியின் பாதி ஒன்றரை. உன் மூடிக்கு ஒன்றரை, என் மூடிக்கு ஒன்றரை. ஆக மையத்திலிருந்து பார்த்தால் நடுவில் இருப்பது பதினைந்து இல்லை, பதினெட்டு. நீ மூன்று நகர்ந்தபின்னும் பதினைந்து. உன் குண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னாலேயே தரையில் விழுகிறது.

இனி இந்த ஆட்டத்தில் எல்லா அளவும் மையத்திலிருந்துதான். இதில் பேச்சுக்கே இடமில்லை. குதிரை உயிரோடு இருக்கிறது, எட்டு நகர்ந்து உன் கோட்டைப் பக்கம் வருகிறது.

விசாரணை பற்றி இனி எதுவும் எழுதாதே. அங்கே இருக்கிற அதிகாரிகள் விவரமானவர்கள். எது நடந்ததோ அதை அவர்கள் கண்டுபிடிப்பார்கள். நீ டாக்டரிடமெல்லாம் போக வேண்டாம். உன் கண்ணுக்கு ஒன்றுமில்லை. உன் தலைக்கும் ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடு.

குட்டிக்கு இரண்டு நாளாகச் சளி. எனக்கும் தூக்கம் சரியில்லை. அதனால் கையெழுத்து இப்படி இருக்கிறது.

அக்கா


ஜூன் 26

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதலில் சிரித்தேன். தோற்கப் போகிறாள், சட்டத்தை மாற்றுகிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "அவ சின்ன வயசுலேர்ந்து அப்படித்தானே" என்றாள். பிறகுதான் யோசித்தேன். நீ அப்படி இல்லையே. ஆட்டத்தில் அழித்தவன் நான். நீ ஒருநாளும் சட்டத்தை மாற்றியதில்லை, தோற்றபோதும்.

உன் ஜூன் 9 கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "உன் ஆற்றங்கரைப் பீரங்கியின் விளிம்பிலிருந்து என் குதிரையின் விளிம்புக்கு." உன் கையெழுத்து. இருபது வருடமாக நமக்கு விளிம்புதான். கோடு போட்டால் மூடியின் ஓரம்தான் கோட்டைத் தொடும். பன்னிரண்டு நாளில் மையம் எங்கிருந்து வந்தது? நன்றாகச் சாப்பிடு என்று வேறு எழுதியிருக்கிறாய். நீ எனக்கு அப்படிச் சொன்னதே கிடையாது. அதைப் படித்ததும்தான் உட்கார்ந்து அளந்து பார்த்தேன்.

தீப்பெட்டி ஒன்றை எடுத்துக் கிரேன் என்று வைத்தேன். மேசையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். அன்று செய்ததுபோலவே தீப்பெட்டியை நகர்த்திக் கோட்டில் நிறுத்தினேன். என் கை எதைக் கோட்டில் வைத்தது தெரியுமா? ஓரத்தை. அன்றும் அப்படித்தான். முன் தாங்குகால்கள் இரண்டையும் உன் கோட்டின் மேல் ஊன்றினேன். அதிகாரி, "கோட்டுலதான் நிறுத்துனியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கோட்டில் எதை வைத்தாய் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. கிரேனின் தூரம் தாங்குகாலிலிருந்து இல்லை, அது சுழலும் நடுத்தூணிலிருந்து. காலுக்கும் தூணுக்கும் நடுவில் மூன்று மீட்டர்.

பதினான்கும் மூன்றும் பதினேழு.

நீ தாங்குகாலுக்குக் கோடு போட்டாய். நான் தாங்குகாலைக் கோட்டில் வைத்தேன். வேறு யார் திட்டம் வரைந்திருந்தாலும் நடுத்தூணுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். வேறு யார் ஓட்டியிருந்தாலும் "இந்தக் கோடு எதுக்குங்க?" என்று கேட்டிருப்பார்கள். நாம் கேட்டுக்கொள்ளவில்லை. நமக்குத்தான் தெரியுமே.

ஒன்று மட்டும் சொல். உனக்கு எப்போது தெரிந்தது? கூடுதல் வாக்குமூலம் கொடுக்க ஜூலை 14 மாலை கடைசி. நான் ஆடவில்லை.


ஜூலை 2

தம்பி,

ஜூன் 17 அன்று தெரிந்தது. மணிகூடச் சொல்கிறேன், காலை ஏழே கால்.

உன் குண்டு விழுகிறதா என்று பார்க்கக் குட்டி அடம் பிடித்தாள். வரைபடத்தை விரித்து, என் குதிரை மூடியைப் பிடித்துக்கொண்டு ஸ்கேலை அதன் ஓரத்தில் வைத்தேன். குட்டி, "ஓரத்துலேர்ந்தாம்மா அளப்பாங்க? எங்க டீச்சர் நடுவுலேர்ந்துன்னு சொன்னாங்க" என்றாள். என் கை அப்படியே நின்றுவிட்டது. என்னால் அந்த மூடியைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்குக் காலையில் பள்ளத்தின் ஓரத்தில் நின்றபடி நான் டேப் பிடித்தது ஞாபகம் வந்தது. வாயில் பேனா, ஒரு கையில் தாள், பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். கம்ப்யூட்டரில் வரைந்தால் தவறியிருக்காது, அதில் மையம் தானாக வரும். அன்று என் கை வரைந்தது. என் கைக்குத் தெரிந்தது விளிம்புதான்.

அது ஏன் விளிம்பானது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முதலில் நாம் காம்பஸில்தான் அளந்தோம். மூடியின் நடுவில் முள் நிற்காமல் வழுக்கி, உன் விரலில் குத்தி ரத்தம் வந்தது. நீ அழுதாய். அதைப் பார்த்துப் பயந்துபோய்க் காம்பஸே வேண்டாம், ஓரத்தில் ஸ்கேல் வைப்போம் என்றேன். அன்று உன் விரலுக்காகப் போட்ட சட்டம்.

மேலதிகாரியிடம் மறுநாளே போனேன். பாதி சொல்வதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். "தாள்ல பதினாலுன்னு இருக்கு. உங்க கையெழுத்து இருக்கு. அது சரியாத்தானே இருக்கு? நீங்களா ஏன் தோண்டுறீங்க?" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதியது அந்த மையக் கடிதம். ஆட்டத்திலாவது சரியாக அளந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நான் நினைப்பதை மறைக்காமல் எழுதுகிறேன், என்னை வெறுத்துக்கொள். உனக்கு உரிமம் போனால் இரண்டு மூன்று வருடத்தில் திரும்பக் கிடைக்கும். நான் சொன்னால் இனி எந்தத் தாளிலும் என் கையெழுத்து செல்லாது. வழக்கும் வரலாம். குட்டியை யார் பார்ப்பார்கள்? அவள் அப்பா கப்பலில் இருக்கிறார், வர எட்டு மாதம். நீ தனி ஆள். நீ தாங்குவாய். இந்தக் கணக்கைத்தான் பதினைந்து நாளாகத் திருப்பித் திருப்பிப் போடுகிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குச் சாதகமாகவே வருகிறது. அதனாலேயே அது தப்பு என்று தெரிகிறது. தெரிந்தும் எழுந்து போக முடியவில்லை.

என் கொடி இரண்டு சென்டிமீட்டர் பின்னால் போகிறது. உன் கிட்டத்துப் பீரங்கியிலிருந்து, மையத்துக்கு மையம், பதினைந்து புள்ளி ஒன்று. உனக்கு எட்டாது.

அக்கா


ஜூலை 7

அக்கா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நீ தாங்குவாய் என்று எழுதிய இடத்தில் ஒவ்வொரு முறையும் தாளைக் கிழித்துப்போடத் தோன்றியது. கிழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் மாட்டேன். அந்தத் தாளை வைத்து உன்னை மடக்க எனக்கு மனம் வராது. அது நல்ல குணம் என்று நினைத்துக்கொள்ளாதே. என்னையும் தூங்கவிடாத ஒன்று இருக்கிறது.

அன்று எச்சரிக்கை மணி அடித்தது.

மணி அடித்தால் பூம் தானாக நின்றுவிடும். கிரேனின் கைதான் பூம், அது நின்றால் எல்லாம் நின்றது. அதை மீறி நகர்த்த டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சாவி உண்டு. பழைய கிரேன், அதில் எதுவும் பதிவாகாது. நான் சாவியைத் திருப்பினேன். கருவி ஓவராகக் கத்துகிறது, அக்கா போட்ட கணக்கு தப்பாது என்று நினைத்தேன். அதுதான் என் தலையில் ஓடியது, வேறொன்றும் இல்லை. அதிகாரி கேட்டபோது மணி அடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். மூன்று மீட்டரைத் தேடுகிறேன் என்று உனக்கு எழுதினேனே, தேடியபோதெல்லாம் அந்த மணிச்சத்தத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் தேடினேன். உன்னை ஒன்றும் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

நேற்று போய்க் கூடுதல் வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சாவியைப் பற்றி மட்டும். மூன்று மீட்டர் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அது உன்னுடையது, நான் சொன்னால் உன்மேல் பழி போடுகிறேன் என்று ஆகும். அதிகாரி படித்துவிட்டு, "இத எழுதினா இனிமே நீங்க கிரேன்ல ஏற முடியாதுன்னு தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். வெளியே வந்து நேராக வீட்டுக்குப் போனேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து சோறு போடுவதோடு சரி.

கொக்கி அண்ணன்தான் பாக்கி. நான் என்னுடையதைச் சொன்னதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் உள்ளே வந்து நின்றார் என்ற வரி அப்படியே இருக்கிறது. நீ காட்டிய இடம் பதினான்குக்குப் பாதுகாப்பான இடம். கிரேன் பதினேழில் நின்றதால்தான் கவிழ்ந்தது, பலகை அவரிடம் போனது. அது உன் வாயால் வந்தால்தான் அந்த வரி போகும். என்னையும் உன்னையும் விடு. அவர் தன் இடத்தில்தான் நின்றார்.

இந்த முறையும் நான் ஆடவில்லை. பீரங்கி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.

ரப்பர்


ஜூலை 14

தம்பி,

தபால் நிலையத்தில் நின்றபடியே எழுதுகிறேன்.

என் கொடி இரண்டு சென்டிமீட்டர் முன்னால் வருகிறது. உன் பீரங்கியின் மையத்திலிருந்து பதின்மூன்று புள்ளி ஒன்று. நீ மூன்று நகர்ந்தால் பத்து புள்ளி ஒன்று. உன் வீச்சுக்குள் நிற்கிறேன். தெரியாமல் வரவில்லை, இரண்டு முறை அளந்துவிட்டுத்தான் வந்தேன்.

மூன்று நாற்பதுக்கு உள்ளே போனேன். நாலே முக்காலுக்கு வெளியே வந்தேன். அதிகாரி முதலில் நம்பவில்லை, தம்பிக்காகச் சொல்கிறீர்களா என்றார். அவர் மேசைமேலிருந்த ஸ்டேப்ளரைக் கிரேனாக வைத்து, பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன். கோடு எதற்கு, தாங்குகாலுக்கா நடுத்தூணுக்கா என்று அவரே கேட்டார். அன்று யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தாங்குகாலுக்கு என்றேன். கொக்கி அண்ணன் நான் காட்டிய இடத்தில்தான் நின்றார் என்பதைத் தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி சொன்னதையும் எழுதிவிட்டேன்.

குட்டியிடம் காலையில் சொன்னேன். "அப்ப டீச்சர் சொன்னதுதானேம்மா சரி?" என்றாள். ஆமாம் என்றேன்.

பயமாக இருக்கிறது. 18ஆம் தேதி என் பக்கத்தில் உட்கார். பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும்.

ஸ்கேல்


ஆகஸ்ட் 20

ஸ்கேலுக்கு,

உன் கொடியைச் சுட்டுவிட்டேன். மூன்று நகர்ந்து, மையத்துக்கு மையம், பத்து புள்ளி ஒன்று. இரக்கப்பட்டு விட்டுவிட்டால் நீ என் எண்ணை இன்னும் மூன்று மாதம் தடுப்பாய் என்று எனக்குத் தெரியும்.

தீர்ப்பின் நகல் உனக்கும் வந்திருக்கும். எனக்கு மூன்று வருடம் கிரேன் கிடையாது, பிறகு மறுபடி தேர்வு. உன் கையெழுத்து இனி எந்தத் திட்டத்திலும் செல்லாது. நான் மூன்றாம் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். கொக்கி அண்ணன் பெயருக்கு நேரே இருந்த வரியை அடித்து, "தனக்குக் குறித்த இடத்தில் நின்றார்" என்று எழுதியிருக்கிறார்கள். இதற்குமுன் அரசாங்கத் தாள் ஒன்றைப் படித்து நான் அழுததில்லை.

அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். நாம் இரண்டு பேரும் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், மூடி, விளிம்பு, சாவி எல்லாம். கேட்டு முடித்ததும் தாளை மடித்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு, "விளையாட்டு சட்டத்தக் கொண்டாந்து என் கால் மேல வெச்சுட்டீங்க ரெண்டு பேரும்" என்றார்.  நான் எழுந்து வரும்போது கூப்பிட்டார். "மன்னிச்சுட்டேன்னு எல்லாம் என்னால சொல்ல முடியாது. ஆனா வராம இருந்துடாதீங்க. உங்க அக்காவையும் வரச் சொல்லு." அடுத்த முறை நீ வரும்போது சேர்ந்து போவோம். தனியாகப் போக எனக்கு இன்னும் தைரியமில்லை.

நான் ஒரு கிடங்கில் சேர்ந்திருக்கிறேன், சாமான் அடுக்குகிற வேலை. நேற்று மேஸ்திரி தரையில் ஒரு கோடு போட்டு, வண்டியை அதில் நிறுத்தச் சொன்னார். எதை வைக்க வேண்டும், முன் சக்கரத்தையா, நடுவையா என்று கேட்டேன். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோலப் பார்த்தார். பதில் சொல்லும்வரை நான் வண்டியை நகர்த்தவில்லை.

பார்சலில் பத்து மூடிகள் இருக்கின்றன, பச்சை ஐந்தும் சிவப்பு ஐந்தும். விசாரணைக்கு வந்தபோது நீ அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனவையும் இதில்தான். ஒவ்வொன்றின் நடுவையும் நூல் வைத்துக் குறித்து, ஆணி அடித்து ஒரு ஓட்டை போட்டிருக்கிறேன். இனிக் காம்பஸ் முள் வழுக்காது, குட்டியின் விரலில் குத்தாது. ஒரு சிவப்பு மூடியில் மட்டும் சுத்தியல் நழுவி, ஓட்டை ஓரமாக விழுந்துவிட்டது. அதை மாற்றவில்லை. அடுத்த ஆட்டத்தில் அதை என் கொடியாக வைத்துக்கொள்கிறேன்.

ரப்பர்